ஒரு டம்ளர் மழை

மார்ச் 31, திங்கள்

கோடைக்கான முன்னறிவிப்பு இன்று காலை கைபேசிக்கு வந்துவிட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரை உள்மாவட்டங்களில் பகல் வெப்பம் இயல்பைவிட இரண்டு டிகிரி வரை கூடுதலாக இருக்குமாம். அனல் காற்று வீசும் நாட்களும் அதிகமாம். கோடை மழை 'இயல்பை ஒட்டியோ, சற்றுக் குறைவாகவோ' பெய்யுமாம். எங்கள் கருக்கம்பாறையில் கோடை மழையின் இயல்பே பெய்யாமல் இருப்பதுதான். அதிலும் குறைவாக எப்படிப் பெய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

வழக்கம்போல அதைப் பஞ்சாயத்து ஆபீஸ் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதினேன். டீக்கடை மாரப்பன் படித்துவிட்டு, "அக்கா எழுதுறதப் பாத்தா, இந்தத் தடவ நாமெல்லாம் வெயில்ல போட்ட அப்பளந்தானுங்" என்றார். எழுதியது நான், அனுப்பியது வானிலை ஆபீஸ், காயப்போவது எல்லோரும். திட்டு மட்டும் எனக்கு.

மழை: 0.0. ஜனவரி பதினொன்றுக்குப் பிறகு இது எழுபத்தொன்பதாவது சைபர்.

ஏப்ரல் 2, புதன்

வெப்பம் 39.2. மழை 0.0. பள்ளியில் பருப்பு வேகவில்லை. உப்புத் தண்ணீரில் எந்தப் பருப்பு வேகும்?

ஏப்ரல் 4, வெள்ளி

தண்ணீர் லாரி வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. பஞ்சாயத்துத் தொட்டியில் நிரப்பிவிட்டுப் போகும். வீட்டுக்கு ஆறு குடம், பள்ளிக்கூடச் சமையலுக்குப் பத்துக் குடம். நான் சத்துணவு அமைப்பாளர் என்பதால் அந்தப் பத்துக் குடத்துக்கும் காவல் நான்தான். நாச்சாள் என்னிடம் சமையலராகப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். குடத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள் என்றால் ஒரு சொட்டுச் சிந்தாது. வாய்தான் சிந்திக்கொண்டே இருக்கும்.

காலை எட்டரைக்கு மழைமானி, அதன் பிறகு பள்ளிக்கூடம். இந்த இரண்டில் பள்ளிக்கூடம் என் வேலை. மழைமானி என் வீட்டுக்காரருடைய வேலை. இருபத்திரண்டு வருடம் பார்த்தார். அவர் போன பிறகு இரண்டு வருடமாக நான் பார்க்கிறேன். பஞ்சாயத்து ஆபீஸ் பின்பக்கம் கம்பி வேலிக்குள், முழங்கால் உயரத்துக்கு நட்டு வைத்த ஒரு குழாய். மேலே புனல், உள்ளே பாட்டில். பாட்டிலில் இருப்பதை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, தாலுகா ஆபீசுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒன்றும் இல்லாவிட்டாலும் திறந்து பார்க்காமல் சைபர் போடக் கூடாது என்பார். அதனால் எண்பது நாளாகத் திறந்து பார்த்துத்தான் சைபர் போடுகிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டாகிவிட்டது. மூன்று கவை உள்ள பாலமரக் கிளை. இனி பதினைந்து நாள் ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். காப்புக் கட்டியவர்கள் வெளியூர் போனாலும் பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். குடத்தில் மிச்சம் இருக்கும் தண்ணீரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. கால் படும் இடத்திலும் ஊற்றக் கூடாது. அரளிச் செடி, வேலியோரம் என்று பார்த்துப் பார்த்து ஊற்றுவார்கள்.

நான் போவதில்லை. போன வருடமும் போகவில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நல்லதுதான், காலையில் எனக்கு வேலை இருக்கிறது.

கோயிலும் பஞ்சாயத்து ஆபீசும் ஒட்டினாற்போல் இருப்பதால் அந்தப் பக்கமெல்லாம் ஒரே ஈரமும் மஞ்சள் வாசனையும்.

ஏப்ரல் 10, வியாழன்

மழை: 9.0!

முதலிலிருந்து எழுதுகிறேன். இன்று அவர் நினைவு நாள். அதிகாலையில் எழுந்து, குளித்து, படத்துக்கு விளக்கேற்றி, அவருக்குப் பிடித்த பருப்பு வடை சுட்டு, இலை போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டுக் கிளம்பவே எட்டே கால் ஆகிவிட்டது. மழைமானியைத் திறந்தால் பாட்டில் கனக்கிறது. கண்ணாடியில் ஊற்றினேன். ஒன்பது புள்ளி சைபர். இரண்டாம் முறையும் ஊற்றிப் பார்த்தேன், ஒன்பதுதான்.

நேற்றுப் பொழுது சாயும்போது வடக்கே இடி உருண்டது உண்மை. எங்கள் தெருவில் ஒரு தூறல் இல்லை. ஆனால் கோடை மழை தெருவுக்குத் தெரு மாறும். ஆபீசைச் சுற்றி மண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. எண்பத்தெட்டு சைபருக்குப் பிறகு, இன்றைக்குப் பார்த்து! அவர் அனுப்பினார் என்று எழுத மாட்டேன். அமைப்பாளர் எழுதக்கூடிய பேச்சு இல்லை அது. ஆனால் செய்தி அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் வேலிக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

பள்ளியில் நாச்சாள் கேட்டாள். "அக்கா, இன்னைக்கு அந்தக் குழாயில ஏதாச்சும் இருந்துச்சுங்ளா?"

"ஒம்பது மில்லி மீட்டர்டி!"

"அப்படிங்ளா? உங்க மொகம் தெளிஞ்சாப்புல இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் மழையளவு கேட்டது இதுதான் முதல் தடவை. வடை நான்கு கொடுத்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மழை: 9.0.

மறுபடியும் ஒன்பது. மறுபடியும் புள்ளி சைபர். நேற்று மேகம் இருந்தது, இடி இல்லை. எழுதி அனுப்பிவிட்டேன். செய்தித்தாளில் நேற்றைய அளவு வந்திருக்கிறது: 'கருக்கம்பாறை 9 மி.மீ.' நம் ஊர்ப் பெயரை அச்சில் பார்த்து மாரப்பன் அந்தத் தாளைக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறார். "ஆனா எங்க கூரை மேல ஒண்ணும் உழுகலீங்களேக்கா" என்றார். கோடை மழை தெருவுக்குத் தெரு மாறும் என்று அவருக்கும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது அவ்வளவு உறுதியாக வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

பாட்டிலில் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. முன்பு இரண்டு நாளும் அளவைத்தான் பார்த்தேன், நிறத்தைப் பார்க்கவில்லை. புனலின் வாயில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து டம்ளரில் தண்ணீர் எடுத்து அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்தேன். ஒரு டம்ளர், சரியாக ஒன்பது.

பதிவேட்டில் இன்றைக்கு 0.0.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றும் மஞ்சள் தண்ணீர். கொட்டிவிட்டு 0.0 எழுதினேன். இதில் பொய் இல்லை. மழை பெய்யவில்லை, சைபர் எழுதுகிறேன். வியாழனும் வெள்ளியும் எழுதியது வேறு விஷயம்.

விடியற்காலையில் போய் வேலியோரம் நின்றால் யாரென்று தெரிந்துவிடும். தெரிந்தால் கேட்க வேண்டும். கேட்டால் மற்ற இரண்டு நாளைப் பற்றி நானும் சொல்ல வேண்டிவரும். அதனால் ஏழரைக்கு எழுந்தேன்.

அவருடைய பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஓர் இடத்தில்கூட அடித்துத் திருத்தவில்லை மனிதர்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வெப்பம் 41.0. மழை 0.0. பஞ்சாங்கத்தில் இந்த வருடம் நல்ல மழை என்று போட்டிருக்கிறதாம். பூசாரி ஒலிபெருக்கியில் படித்தார். வானிலை ஆபீஸ் குறைவு என்கிறது, பஞ்சாங்கம் நிறைவு என்கிறது. நடுவில் நான் ஒன்பது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மாங்காய்ப் பச்சடி செய்தேன். ஒருத்திக்குச் செய்தாலும் சட்டி நிறைய வந்துவிடுகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

சனிக்கிழமை வர வேண்டிய லாரி வரவில்லை. திருவிழாக் கூட்டத்தில் வழி கிடைத்திருக்காது என்று ஊரே நினைத்தது. நேற்றும் வரவில்லை, பண்டிகை நாள் என்று நினைத்தோம். இன்று தொட்டி காலி. பள்ளிக்கூடத்தில் பத்துக் குடத்துக்கு மூன்று குடம்தான் கிடைத்தது. சாம்பார் வைக்காமல் எலுமிச்சைச் சாதம் கிளறிக் கொடுத்தோம். தட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாமல் பிள்ளைகள் மண்ணைப் போட்டுத் தேய்த்துத் துடைத்தார்கள். கம்பத்துக்குக் குடம் குடமாக ஊற்றியவர்கள் இன்று சொம்பில் கொண்டுவந்தார்களாம்.

மாலையில் தண்ணீர் திறந்துவிடும் ராக்கியப்பன் லாரிக்காரரிடம் பேசிவிட்டு டீக்கடையில் வந்து சொன்னார்: "நம்ம ஊர் லாரி நடையப் பூரா பக்கத்து ஊருக்கு மாத்திட்டாங்களாமுங். ரெண்டு நாள்ல பதினெட்டு மில்லி மீட்டர் மழை பேஞ்ச ஊருக்கு லாரி எதுக்குன்னு கேக்கறாங்களாமா."

மாரப்பன் சுவரில் ஒட்டியிருந்த செய்தித்தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பெய்து கெடுத்த மழை உண்டு, பெய்யாமல் கெடுத்த மழையும் உண்டு. பெய்யாத மழையைப் பெய்ததாக எழுதிக் கெடுத்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். சனிக்கிழமையே சொல்லியிருந்தால் நேற்றாவது லாரி வந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

ஐந்து மணிக்கே போய் ஆபீஸ் சுவரோரம் நின்றேன். கம்பத்துக்கு ஊற்றிவிட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக ஒருத்தி வேலியின் கொக்கியை எடுத்துவிட்டு உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். இடுப்பில் சொம்பு, கையில் டம்ளர். டம்ளரில் ஊற்றி, மழைமானியின் புனலில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். அப்படிச் சிந்தாமல் ஊற்ற இந்த ஊரில் ஒருத்தியால்தான் முடியும்.

"நாச்சா" என்றேன்.

டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னடி பண்ற?"

"கோவிச்சுக்காதீங்க்கா. மிச்சத் தண்ணிய ஊட்டுக்குக் கொண்டு போகக்கூடாதில்லீங்ளா. கால் படாத எடமா பாத்தா இந்த வேலிக்குள்ளதான். அதான்…"

"கால் படாத எடம்னா செடி இல்லையா, மரம் இல்லையா? குழாய்க்குள்ளதான் ஊத்தோணுமா?"

கீழே கிடந்த டம்ளரை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"நீங்க கம்பத்துக்கு வர்றதில்லீங்களேக்கா" என்றாள். "ரெண்டு வருசமா பாக்கறேன். தெனமும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இங்க வர்றீங்க. குனிஞ்சு தெறந்து பாக்கறீங்க. ஒண்ணும் இல்லைன்னு மூடிட்டுப் போறீங்க. அன்னைக்கு அண்ணன் நாளு. அன்னைக்கும் வெறும் குழாயப் பாத்துட்டுத்தான போவீங்கன்னு எனக்கு மனசு கேக்கல. உங்க பங்குக்கு ஒரு டம்ளர் ஊத்தினேன். உங்க மொகம் தெளிஞ்சதப் பாத்துட்டு அப்புறம் தெனமும் ஊத்திட்டேன். ஊருக்கு அது கம்பம், உங்களுக்கு இதுதான கம்பம்? இதுவும் நட்டு வெச்சுத்தான நிக்குது."

"இது மழை அளக்குற சாமான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க்கா. மழையே இல்லாதப்ப இதுல அளக்க என்ன இருக்குதுன்னு நெனச்சுட்டேன்."

லாரி ஏன் வரவில்லை என்று சொன்னேன். அப்படியே வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, புள்ளைங்க தட்டுக் கழுவத் தண்ணியில்லாமப் போனது என்னாலயா?" என்று அழுதாள். அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். என்னால் திட்ட முடியவில்லை. இரண்டு வருடமாக நான் குனிந்து பார்ப்பதை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கும் அழுகை வந்தது. வந்ததை எழுதுவதில் என்ன இருக்கிறது?

"ஊத்துனது நீ. மழைன்னு எழுதுனது நான்" என்றேன். "நீ யார்கிட்டயும் வாயத் தெறக்காத. நாளைக்குத் தாலுகா ஆபீசுக்குப் போயிட்டு வர்றேன்."

மழை: 0.0.

ஏப்ரல் 17, வியாழன்

பத்து மணிப் பேருந்தில் போனேன். மழையளவு பார்க்கும் சார் இளைஞர். என் பதிவேட்டைப் புரட்டினார்.

"என்னங்கம்மா, ரெண்டு நாளும் சரியா ஒம்பது புள்ளி சைபர்? மழை என்ன டம்ளர்லயா பெய்யும்?"

"ஆமாங்க சார். டம்ளர்லதான் பேஞ்சுது" என்றேன்.

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். யார் ஊற்றியது என்று கேட்டார்.

"கம்பத்துத் தண்ணிங்க சார். ஊரே ஊத்துது. பேர் எழுத மாட்டேன். பாட்டில்ல இருந்தத அளந்தேன், அது சரிதான். மழையான்னு சுத்திப் பாக்காம எழுதுனது என் தப்பு. தெரிஞ்சப்புறமும் அஞ்சு நாள் சொல்லாம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு."

"இதை எழுதிக் குடுத்தா மேலதிகாரி பார்வைக்குப் போகும். உங்களையே வெச்சுக்குவாங்களான்னு நான் சொல்ல முடியாதுங்கம்மா."

"புள்ளைங்களுக்குச் சோறாக்கத் தண்ணி இல்லீங்க சார். அதை மொதல்ல பாருங்க."

உடனே ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் செய்தார். அதற்காக அவரை வாழ்த்துகிறேன். பிறகு சிவப்புப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களேதான் அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடணும். உங்க வீட்டுக்காரர் சென்னியப்பன் சார் பதிவேட்டை நான் பாத்திருக்கேன். ஒரு அடித்தல் இருக்காது."

"எனக்கும் தெரியுமுங்க சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமையை அடிப்பது சுலபமாக இருந்தது. வியாழன் வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அவர் நாளில் பெய்த மழை அது. பத்து நிமிடமாவது அதை நான் நம்பியிருந்தேன். அடித்தேன். மேலே 0.0 எழுதி, க.சம்பூர்ணம் என்று கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது நான்கு மணிப் பேருந்தைத் தவறவிட்டு அடுத்ததைப் பிடித்தேன். காப்புக் கட்டாதவளுக்கு நேரக் கணக்கு இல்லை. ஆனாலும் சூரியன் இறங்குவதைப் பார்த்து எனக்கு ஏனோ பதற்றமாக இருந்தது. பொழுது சாய்வதற்குச் சற்று முன்பே எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டோம்.

ஏப்ரல் 19, சனி

லாரி வந்தது. இரண்டு நடை. வெப்பம் 41.6. மழை 0.0. கரும்பலகையில் எழுதினேன்: 'ஏப்ரல் 10, 11 தேதிகளில் கருக்கம்பாறையில் மழை பெய்யவில்லை. முன்பு அறிவித்தது தவறு. இனி வரும் ஐந்து நாட்களும் வறண்ட வானிலையே.' மாரப்பன் வந்து நின்று படித்தார். கடைக்குப் போய்ச் செய்தித்தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, அன்றைக்குப் பாதியில் வைத்துவிட்டுப் போன டீக்குப் பதிலாக ஒரு முழு டீ கொண்டுவந்து கொடுத்தார். "மழை இல்லைன்னாலும் கணக்குச் சரியா இருக்கோணுமுங்க்கா" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

0.0. பாட்டில் உலர்ந்திருந்தது. பழகிவிட்டதோ என்னவோ, திறந்ததும் ஒரு கணம் மஞ்சள் தண்ணீரைத் தேடினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடைசி நாள். நாளை காலை கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிடுவார்கள்.

ஐந்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். நாச்சாள், இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

"வாங்க்கா" என்றாள்.

"எங்க?"

"கம்பத்துக்கு. யாரும் கூப்புடலைன்னு தான இருக்கறீங்க? நான் கூப்புடறேன்."

"நான் எப்பச் சொன்னேன் அப்படி?"

"சொன்னாத்தானுங்ளா?"

முகம் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு போனேன். தெருவில் பெண்கள் முன்னும் பின்னுமாகப் போனார்கள். கோயிலில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "வாங்கம்மா, இந்தப் பக்கம் வந்து ஊத்துங்க, அங்க வழுக்கும்" என்றார். இரண்டு வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தானா என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ஊற்றினேன். தண்ணீர் கம்பத்தில் வழிந்து என் கால் விரலை நனைத்தது. நன்றாக இருந்தது.

குடத்தின் அடியில் ஒரு டம்ளர் அளவு மிச்சம் இருந்தது. நாச்சாள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கால் படும் இடத்தில் ஊற்றக் கூடாது. இருவரும் ஆபீஸ் பின்பக்கம் போனோம். வேலிக் கொக்கியை எடுத்தேன். செருப்பைக் கழற்றினேன்.

"உள்ள வேண்டாமுங்க்கா, மறுக்காவும் லாரி நின்னுபோயிரும்" என்று பதறினாள்.

"போடி, எனக்குத் தெரியாதா?" என்றேன். புனலைக் கையால் மூடிக்கொண்டு, மழைமானியின் அடியில் ஊற்றினேன். மண் ஒரே மூச்சில் குடித்துவிட்டது.

எட்டரைக்குத் திரும்பப் போய், திறந்து பார்த்து, பதிவேட்டில் எழுதியதை அப்படியே இங்கும் எழுதி வைக்கிறேன்.

மழை: 0.0.
குறிப்பு: மழைமானியைச் சுற்றி மண் ஈரமாக உள்ளது. காரணம் தெரியும்.